வீட்டில் இருப்போர் விபரம்

— கதவைச் சாத்தும் உஷாந்தி. மேல்வீட்டுச் சனத்துக்குக் கூத்துக் காட்ட நான் வரேல்லை. இப்பச் சந்தோஷம்தானே உமக்கு?

— என்ன மச்சாள் வந்ததும் வராததுமா? இருங்கோ முதல். பஸ்ஸில வந்தனீங்களோ? வேர்த்து ஊத்துது.

— நான் இருக்க வரேல்லை. நேற்று விடிய ஜீப்பில வந்து ஏத்திக்கொண்டு போட்டாங்கள். கட்டின சாரத்தோட. சேட் ஒண்டு போட்டுக்கொண்டு வாறன் எண்டதுக்கும் விடேல்லை.

— ஆரை?

— ஆரையோ? நடியாதையும். என்ர தம்பியைத்தான். உம்மட பிள்ளையின்ர தேப்பனை.

— சுகிர்தனையோ? கட்டாரிலயோ?

— கொஞ்சம் தண்ணி தாரும்.

— தாறன். கட்டாரில இருக்கிற மனுசனை ஆர் ஜீப்பில ஏத்தினது?

— வத்தளையில. எங்கட வீட்டில.

— எப்ப வந்தவர்?

— அந்தக் கதை இப்ப என்னத்துக்கு. வந்த அலுவலைக் கதைப்பம்.

— இதுதான் அலுவல். எப்ப வந்தவர் மச்சாள்? லீவிலயோ? பிள்ளைக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லையே.

— அவன் போகேல்லை உஷா.

— என்ன சொல்லுறீங்கள்?

— கட்டாருக்கு அவன் போகவே இல்லை. மெடிக்கல் செய்தது மெய். ஏஜென்சிக்காரனுக்குக் காசு கட்டினது மெய். கடைசியில அவன் கையை விரிச்சிட்டான். இதெல்லாம் உமக்குத் தெரியாதெண்டு என்னை நம்பச் சொல்லுறீரோ? தெரியாமலோ கோட்ஸுக்கு அட்ரசைக் குடுத்தனீர்?

— நான் ஒருத்தருக்கும் ஒரு அட்ரசும் குடுக்கேல்லை. உங்கட வத்தளை வீட்டு நம்பர்கூட எனக்குத் தெரியாது. பால் காய்ச்சினதுக்கு என்னைக் கூப்பிட்டனீங்களோ தெரிஞ்சிருக்க? வீட்டுக்காரர் ஆக்கள் வந்து போறதை விரும்பமாட்டார் எண்டனீங்கள். நானும் சரியெண்டு விட்டனான். நீங்கள் மாசத்தில ஒருக்கா இஞ்ச வந்து பிள்ளையைப் பாத்தால் போதும் எண்டு இருந்தனான். என்ன விசரி நான்.

— அப்பிடிச் சொல்லாதையும்.

— பிள்ளைக்குக் கட்டச் சொல்லிக் கோட்ஸ் போட்ட காசு நிண்டு மூண்டு வருஷம். அண்டையில இருந்து உங்களோடதான் இருந்தவரோ?

— ஓம்.

— மூண்டு வருஷமும்?

— ஓம் எண்டுறனே.

— அப்ப அந்தச் சொக்லேட்?

— எந்தச் சொக்லேட்?

— முந்தின வருஷம் பொங்கலோட கொண்டுவந்தனீங்கள். மஞ்சள் கடதாசி சுத்தினது. ஒரு ஷம்பூப் போத்தில், பெரிய பால்மாப் பேணி ஒண்டு. தம்பி கட்டாரில இருந்து வந்த ஆளிட்டக் குடுத்துவிட்டவன் எண்டு இந்தக் கதிரையில இருந்து சொன்னனீங்கள். அது எங்க வாங்கினது?

— கொட்டாஞ்சேனையில. ஹபீஸ் எண்டு ஒருத்தர் வெளிநாட்டுச் சாமான் விக்கிறவர்.

— ஆற்ற காசு?

— என்ர காசுதான். பிள்ளை ஏங்கக்கூடாதெண்டு வாங்கினனான். அதையும் பிழையெண்டு சொல்லப் போறீரோ?

— ஒரு மாசம் அந்தச் சொக்லேட்டைத் தின்னாமல் வச்சிருந்தவள் மச்சாள். எறும்பு மொய்ச்சிட்டுது. அப்பா அனுப்பினது முடிஞ்சிடும் எண்டு அழுதவள்.

— தண்டவாளத்தில கோச்சி வருது. போகட்டும், ஒண்டும் கேக்காது.

— எனக்குக் கேக்கிறதெல்லாம் நல்லாத்தான் கேக்குது. நீங்கள் சொல்லுங்கோ.

— இந்த வீட்டில எப்பிடித்தான் இருக்கிறீரோ. கோச்சி போனால் கோப்பை பீங்கானெல்லாம் ஆடுது.

— இந்த விலைக்கு வெள்ளவத்தையில வேற எங்க அனெக்ஸ் கிடைக்கும்? பிள்ளையின்ர பள்ளிக்கூடம் கிட்ட. நான் கடைக்கு நடந்து போயிடுவன். காலமை எட்டில இருந்து இரவு எட்டு மட்டும் போட்டோக் கொப்பி அடிச்சு, ஆக்களுக்குப் போம் நிரப்பிக் குடுத்து வாற சம்பளத்தில பாதி வாடகைக்குப் போகுது. மற்றப் பாதியில கிளாஸ் காசு. சாப்பாட்டுக்கு நான் என்ன செய்யிறன் எண்டு ஒரு நாளாவது கேட்டனீங்களோ? கேட்டனீங்கள். கேட்டிட்டுப் போய் அவருக்குச் சோறு போட்டனீங்கள்.

— உஷா, என்ர அம்மாளாச்சி ஆணை, உம்மைப் பழிவாங்க நான் ஒண்டும் செய்யேல்லை.

— றஷ்மி தேப்பனுக்குக் கீறிக் குடுத்த கார்ட் எல்லாம் எங்க? ஒவ்வொரு பேர்த்டேக்கும் உங்களிட்டத் தந்து விட்டவள்.

— அவனிட்டத்தான் குடுத்தனான். அலுமாரிக்குள்ள வச்சிருக்கிறான்.

— வாசிச்சவரோ?

— வாசிச்சிருப்பான்.

— சரி. நேற்றுப் பிடிச்சவங்கள் எண்டால் இண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் ஏன் நேற்றே வரேல்லை?

— நேற்று முழுக்க லோயரைத் தேடி ஓடினனான். நீதவானின்ர வீட்டுக்குக் கொண்டுபோய் நிப்பாட்டிப்போட்டு, நாளைக்குக் கோட்ஸுக்குக் கொண்டுவரச் சொல்லி உள்ளுக்குப் போட்டிட்டாங்கள். உம்மட லோயர் உமக்குச் சொல்லேல்லையோ?

— அதுதான் ருஷ்தா மிஸ்ஸின்ர மிஸ்ட் கோல் மூண்டு கிடக்குது. முத்திரைக் காசு கேக்கப் போறா எண்டு நான் திருப்பி எடுக்கேல்லை. கையில இல்லை, அதால எடுக்கேல்லை.

— மெய்யாவே நீர் குடுக்கேல்லையோ?

— பிள்ளை ஆணை இல்லை.

— அப்ப எனக்குத் தெரியும். அந்தப் போம்தான்.

— எந்தப் போம்?

— பொலிஸ் போம். ரெண்டு மாசத்துக்கு முதல் எங்கட றோட்டில வீடு வீடாக் கொண்டுவந்து குடுத்தவங்கள். வீட்டில் இருப்போர் விபரம் எண்டு.

— இஞ்சயும் குடுத்தவங்கள்தான். இந்த ஒழுங்கை முழுக்க நான்தான் நிரப்பிக் குடுத்தனான். அதுக்கு என்ன இப்ப?

— அதில அவன்ர பேரை எழுதிப்போட்டன்.

— நில்லுங்கோ. நீங்களே எழுதினனீங்களோ?

— முழுப்பேர், ஐடென்டிற்றி நம்பர், உறவு தம்பி. எல்லாம் எழுதினனான்.

— கோட்ஸ் காகிதம் ஆளில்லை எண்டு மூண்டு தரம் திரும்பி வந்தது. நான் ஒவ்வொரு தவணைக்கும் அரைநாள் சம்பளம் வெட்டுப்பட்டுப் போய், ஆள் வெளிநாடு எண்டு சொல்லுறாங்க சேர் எண்டு சொல்லி நிண்டு, திரும்பி வந்தனான். எனக்கு ஒளிச்சனீங்கள். கோட்ஸுக்கு ஒளிச்சனீங்கள். பொலிசுக்கு மட்டும் ஒழுங்காப் பேரெழுதிக் குடுத்தனீங்களோ?

— வேற என்ன செய்யச் சொல்லுறீர்? பேரில்லாத ஆம்பிளை ஒருத்தனை வீட்டில வச்சுக்கொண்டு எனக்கு நித்திரை வராது உஷா. உமக்குத் தெரியாதோ? என்ர கூடப்பிறந்த லோகன் அண்ணாவை என்ன சொல்லிக் கொண்டு போனவங்கள்? கொட்டாஞ்சேனை றூமில லிஸ்ற்றைப் பாத்தாங்கள், பேரில்லை. வீட்டுக்காரி மறந்துபோனாவாம். விசாரிச்சிட்டு விடுறம் எண்டாங்கள். நான் சோத்துப் பார்சலோட படியில நிண்டனான். கறிக்கு உப்புக் காணாதெண்டு முதல்நாள் ஏசினவர், அண்டைக்கு நல்லா உப்புப் போட்டுக் கட்டிக்கொண்டு வந்தனான். பதினெட்டு வருஷமா ஆள் இல்லை. இப்பவும் ஒரு போம் வந்தால் என்ர கை தானா எழுதும். வீட்டில நாய் நிண்டாலும் எழுதிக் குடுத்திடுவன். எழுதி முடிச்சு, பொலிஸ்காரன் அதைக் கொண்டு போன பிறகுதான் எனக்கு ஓடி வெளிச்சது, இது கோட்ஸுக்கும் போகுமோ எண்டு.

— லோகன் அண்ணான்ர கதையை எனக்குச் சொல்லாதைங்கோ மச்சாள்.

— சொல்லாமல்?

— எனக்குத் தெரிஞ்ச கதை அது. உங்களோட எத்தினை இடம் ஏறி இறங்கினனான்? அப்ப நான் உங்கட மச்சாளும் இல்லை, ஒண்டும் இல்லை. ஹொஸ்டல்ல பக்கத்துக் கட்டில். புது வேலை, லீவு கேட்டால் துரத்திவிடுவாங்கள் எண்டு தெரியும். அப்பிடியும் வந்தனான். செஞ்சிலுவைக்காரர், மனித உரிமை, காம்ப், மறியல் வீடு, எல்லா வாசலிலயும் உங்கட பையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். சிங்களத்தில எழுதத் தெரிஞ்சவள் நான் எண்டு எல்லாக் கடிதமும் நான் எழுதினனான். லோகேஸ்வரன் எண்ட பேரைச் சிங்களத்தில எத்தினை தரம் எழுதியிருப்பன் சொல்லுங்கோ. தேடுறது என்னெண்டு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்ச நீங்கள், நான் ஒருத்தனைத் தேடேக்க, ஒரு பஸ் தூரத்தில அவனை வீட்டுக்க ஒளிச்சு வச்சுக்கொண்டு, இஞ்ச வந்து என்னோட சேந்து அழுதனீங்கள். அழுதனீங்கள்தானே?

— அழுதனான்.

— எதுக்கு அழுதனீங்கள்?

— உம்மைப் பாத்துத்தான். பொய்யில்லை அது.

— எனக்கு உங்கட தம்பி செய்தது நோகேல்லை எண்டில்லை. அந்த மனுசன் இப்பிடித்தான் எண்டு கலியாணம் முடிச்ச ரெண்டாம் வருஷமே எனக்குத் தெரியும். அடகு வச்ச காப்பு ரெண்டும் மூழ்கேக்கயே தெரியும். நீங்கள் செய்வீங்கள் எண்டு எனக்குத் தெரியாது. கட்டும் உஷா, என்ர தம்பி தங்கம் எண்டு நீங்கள் சொல்லித்தானே கட்டினனான். உங்களை நம்பித்தான் கட்டினனான், அவரை நம்பியில்லை.

— ஒரு அண்ணனைக் குடுத்திட்டன். மற்றவனையும் என்ர கையால பிடிச்சுக் குடுக்க ஏலாது.

— இவரைத் துலைக்க ஆர் கேட்டது? பிள்ளைக்குச் சாப்பாட்டுக் காசு கேட்டது. மாசம் இருபதினாயிரம். அதைக் கட்டியிருந்தால் ஆர் ஜீப்பில வாறது?

— உழைப்பில்லை அவனுக்கு.

— உங்கட வீட்டில இருந்து கொண்டு மூண்டு வருஷமும் சும்மாவோ இருந்தவர்?

— ஒரு வான் ஓட்டுறவன். பள்ளிக்கூடப் பிள்ளையள் ஏத்துற வான்.

— ஊரான் வீட்டுப் பிள்ளையள் நேரத்துக்குப் பள்ளிக்கூடம் போயிருக்குதுகள். நல்லது.

— உஷா, எனக்கு ஏசுறதெல்லாம் பிறகு ஏசும். நான் நிண்டு கேக்கிறன். நாளைக்குப் பத்து மணிக்குக் கோட்ஸ். காசு கட்டாட்டில் ஒவ்வொரு மாசத்துக்கும் ஒவ்வொரு மாசம் மறியலுக்க அடைப்பாங்களாம். முப்பத்தாறு மாசம். லோயர் சொல்லுறார், மனுசி வந்து காசு கையில வாங்கினனான் எண்டு ஒரு கடிதம் குடுத்தால் ஆளை விட்டிடுவாங்களாம். ரைப் பண்ணித் தந்தவர். இதுதான். நீர் ஒரு கையெழுத்து வச்சால் சரி.

— காசு?

— இந்தாரும் என்ர காப்பு. ரெண்டும் நாலு பவுண். இதைப் பிடியும். மிச்சம் நான் சீட்டெடுத்துத் தாறன், என்ர சொல்லுக்கு.

— உங்கட காப்பைக் கழட்டி என்னட்ட ஏன் தாறீங்கள்? அவற்ற மனுசியோ நீங்கள்?

— அவளிட்ட என்ன இருக்குது கழட்ட.

— ஆரிட்ட?

— கொஞ்சம் பொறும், வாய் தவறிட்டுது.

— ஆர் மச்சாள்?

— சுதர்சினி. போன வருஷம் கலியாணம் எழுதினது. தாலி ஒண்டும் கட்டேல்லை, எழுத்து மட்டும். ஏழு மாசப் பிள்ளைத்தாச்சி. நேற்று ஜீப்பைக் கண்டிட்டு வாசல்ல அப்பிடியே குந்தினவள், இன்னும் ஒரு வாய் சாப்பிடேல்லை. நான் அவளைப் பாக்கிறதோ, லோயரைப் பாக்கிறதோ, உம்மட்ட வாறதோ?

— எழுத்துக்கு நீங்கள் போனனீங்களோ?

— சாட்சிக் கையெழுத்து நான்தான்.

— எங்கட எழுத்துக்கும் நீங்கள்தான் வச்சனீங்கள்.

— ஓம்.

— அந்தப் பிள்ளைக்கு எங்களைத் தெரியுமோ?

— முந்தி ஒரு கலியாணம் சரிவராமல் டிவோர்ஸ் ஆனது எண்டு தெரியும்.

— றஷ்மியைத் தெரியுமோ எண்டு கேட்டனான்.

— பொலிஸ்காரன் கோட்ஸ் கடிதத்தை வாசிக்கேக்கத்தான் என்னைத் திரும்பிப் பாத்துக் கேட்டவள், மச்சாள், எந்தப் பிள்ளைக்குக் காசு எண்டு. நான் என்ன சொல்ல? அடுப்பில பால் எண்டு சொல்லிப்போட்டு உள்ளுக்குப் போட்டன்.

— பதினாலு வயசுப் பிள்ளையொண்டை அலுமாரிக்குள்ள போட்டுப் பூட்டிப்போட்டீங்கள், என்ன.

— நான் இல்லை உஷா, அவன்தான் சொல்ல வேண்டாம் எண்டவன். பிறகு நேரம் பாத்துத் தான் சொல்லுறன் எண்டவன்.

— தாருங்கோ அந்தக் கடிதத்தை.

— கையெழுத்து வைப்பீரோ?

— வாசிக்கத் தாருங்கோ. இது முழுக்கச் சிங்களம். நீங்கள் வாசிச்சனீங்களோ?

— எனக்கு எங்க வாசிக்கத் தெரியும். கடையில கீயத எண்டு விலை கேக்கிற அளவுதான் எனக்குச் சிங்களம். கொஞ்சக் காசு தந்தது, மிச்சத்துக்குத் தவணை குடுக்க விருப்பம் எண்டுதான் எழுதியிருக்கு. லோயரும் அப்பிடித்தான் சொன்னவர், அவனும் அப்பிடித்தான் சொன்னவன்.

— அப்பிடி எழுதேல்லை. ஏழு லட்சத்து இருபதினாயிரம் முழுக்காசும் கையில வாங்கினனான் எண்டு எழுதியிருக்குது. இனிமேல் பிள்ளையின்ர பேரில ஒண்டும் கேக்கமாட்டன் எண்டும் இருக்குது. நான் என்ர சுயவிருப்பத்தில எழுதிக் குடுக்கிறனாம்.

— பொய் சொல்லாதையும்.

— வெளியில போய் ஆரிட்டையும் வாசிப்பியுங்கோ. இந்த வரி. இதில அவற்ற பேர், இதில என்ர பேர், இது காசு. இலக்கம் தெரியும்தானே உங்களுக்கு?

— என்னட்ட அவன் அப்பிடிச் சொல்லேல்லை. உள்ளுக்க நிண்டு கம்பியைப் பிடிச்சுக்கொண்டு, அக்கா, கொஞ்சம் தந்தனான் எண்டு மட்டும் சொல்லச் சொல்லுங்கோ, பிறகு நான் கட்டித் தீப்பன் எண்டு அழுதவன். கண்ணால தண்ணி ஓடினது. நான் பாத்தனான்.

— உங்களையும் ஏமாத்தியிருக்கிறார். சந்தோஷப்படுறன் எண்டு நினையாதைங்கோ. எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை.

— நான் இனி எங்க போவன் உஷா? அங்க அவள் பட்டினி கிடக்கிறாள். இஞ்ச நீர் என்ர முகத்தைப் பாக்கிறீரில்லை. நாளைக்கு அவனை மறியலுக்கு ஏத்தினால் நான் திரும்பவும் ஒரு சோத்துப் பார்சலைக் கட்டிக்கொண்டு வாசல்ல நிக்க வேணும். அந்த வாசல்ல என்னால நிக்க ஏலாது. அண்டைக்கு நீர் பக்கத்தில நிண்டனீர். இனி ஆர் வருவினம்?

— அழாதைங்கோ.

— அழேல்லை.

— இந்தாங்கோ, முகத்தைத் துடையுங்கோ. காப்பை எடுத்துக் கையில போடுங்கோ. எனக்கு வேண்டாம்.

— அப்ப?

— இந்தக் கடிதத்தில நான் கையெழுத்து வைக்கமாட்டன். அது நடக்காது. வேற கொப்பித்தாள் எடுக்கிறன். என்ர கையெழுத்தில நானே எழுதுறன். பகுதிக் காசு தந்தவர், மிச்சத்தை மாசாமாசம் கோட்ஸில கட்டுறதெண்டால் தவணை குடுக்க எனக்குச் சம்மதம். அவ்வளவுதான். ருஷ்தா மிஸ் என்னை ஏசுவா. ஏசட்டும்.

— என்ர தெய்வம் நீர்.

— தெய்வமும் வேண்டாம் ஒண்டும் வேண்டாம். அவருக்காக நான் செய்யேல்லை, உங்களுக்காகவும் இல்லை. உங்களோட எனக்கு இண்டையோட கதை முடிஞ்சுது. இது றஷ்மிக்காக. தேப்பன் மறியல்ல எண்டு வகுப்பில ஒரு பிள்ளை சொன்னால் காணும், அவள் இடிஞ்சு போயிடுவாள். அப்பா எண்டால் உயிர் அவளுக்கு. கட்டாரில வெயிலுக்கை நிண்டு வேலை செய்யிறார் எண்டு எனக்கே புத்தி சொல்லுறவள், அம்மா அப்பாவை ஏசாதைங்கோ எண்டு. அதை நான் உடைக்கமாட்டன். நீங்கள் சொன்ன பொய்யை நானும் சேந்து காவ வேண்டிக் கிடக்குது, பாத்தீங்களோ.

— எழுதும் பிள்ளை, எழுதும்.

— என்ன எழுத? பகுதிக் காசு எண்டால் எவ்வளவு எண்டு கேப்பாங்கள். மூண்டு வருஷத்தில ஒரு சதம் தராத மனுசன் எவ்வளவு தந்தவர் எண்டு நான் எழுத?

— ஒரு அம்பதாயிரம் எண்டு போடும். வேண்டாம், எழுபத்தஞ்சு போடும்.

— நீங்கள் கேக்கிறதுக்கு அளவில்லை மச்சாள்.

— அம்மா, கொஞ்சம் நில்லுங்கோ. எழுதாதைங்கோ.

— றஷ்மி? நீ எப்ப வந்தனி? கிளாஸ் முடிஞ்சுதோ?

— சேர் வரேல்லை. முதலே வந்திட்டன். அந்தக் கோச்சி போகேக்க படியிலதான் நிண்டனான்.

— எல்லாம் கேட்டனியோ?

— ஓம்.

— வாடி என்ர செல்லம், மாமியிட்ட வா. நீ பயப்பிடாதை. அப்பாவுக்கு ஒண்டும் நடக்காது. அம்மா எழுதித் தாறா எண்டு சொல்லியிட்டா. அப்பா பாவம் எண்டு நீயும் ஒருக்கா அம்மாட்டச் சொல்லு.

— மாமி, அம்மாவை ஏசாதைங்கோ. உங்கட பொலிஸ் போமாலயும் இல்லை. அட்ரஸ் நான்தான் குடுத்தனான்.

— என்ன விசர்க்கதை கதைக்கிறாய்?

— ருஷ்தா அன்ரி மாசாமாசம் கோல் எடுத்து ஏதும் அட்ரஸ் கிடைச்சுதோ எண்டு கேப்பாதானே அம்மா. போன மாசம் எடுக்கேக்க நீங்கள் குளிச்சுக்கொண்டு நிண்டனீங்கள். நான் எடுத்தனான். சொன்னனான்.

— உனக்கு எப்பிடியடி தெரியும்? எனக்கே தெரியாதே.

— மாமி இஞ்ச வரேக்க தன்ர போனில சாப்பாடு ஓர்டர் பண்ணித் தரச் சொல்லுவாதானே. அதில வீட்டு அட்ரஸ் கிடந்தது.

— பாத்தீரோ உஷா உம்மட பிள்ளையை? என்ர போனுக்கை உளவு பாத்திருக்குது. பதினாலு வயசில பெத்த தேப்பனைப் பொலிசுக்குப் பிடிச்சுக் குடுத்திருக்குது. இதுக்குத்தானோ நான் பேணி பேணியா வாங்கிக்கொண்டு வந்து தந்தனான்?

— மச்சாள், பிள்ளையோட அப்பிடிக் கதைக்காதைங்கோ. றஷ்மி, அப்பா அங்க இருக்கிறார் எண்டு உனக்கு ஆர் சொன்னது?

— ஒருத்தரும் சொல்லேல்லை. எனக்குத் தெரியாது. அப்பான்ர பேர்த்டேக்குக் கார்ட் கீறினனான் அம்மா. மாமி அந்த மாசம் வரேல்லை. பிந்தினால் பேர்த்டே முடிஞ்சிடும். அதுதான் ஸ்கூல் விட்டு, பிராக்டிஸ் எண்டு உங்களுக்குச் சொல்லிப்போட்டு, வத்தளைக்குப் பஸ் எடுத்துப் போனனான். மாமி கட்டாருக்குப் போற ஆரிட்டையும் குடுத்துவிடுவா எண்டு நினைச்சு. யூனிபோமோடதான் போனனான். பெல் அடிச்சனான்.

— எப்ப? நான் உன்னைக் காணேல்லையே.

— நீங்கள் வீட்டில இல்லை மாமி. அப்பாதான் கேற்றைத் திறந்தவர்.

— அவன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லை.

— ஏன் என்னட்டச் சொல்லேல்லை நீ? ஒரு மாசத்துக்கு மேல வாயைத் திறக்காமல் இதை வச்சுக்கொண்டு இருந்தனியோ பிள்ளை?

— எப்பிடிச் சொல்லுறது அம்மா?

— அதுக்காக ஜீப்பை அனுப்புறதோ? எத்தினை வருஷத்துக்குப் பிறகு கண்ட பிள்ளையை அவன் கட்டிப்பிடிச்சிருப்பான், கொஞ்சியிருப்பான். கையில இருந்ததை எடுத்துத் தந்திருப்பான். என்ர தம்பியை எனக்குத் தெரியும். ஒண்டுமே தரேல்லையோ உன்ர அப்பா?

— தந்தவர்தான் மாமி. அம்மா, எவ்வளவு எண்டுதானே கேட்டனீங்கள், நூறு ரூவா எண்டு எழுதுங்கோ. வாசல்ல ஆரது எண்டு உள்ளுக்க இருந்து அந்த அன்ரி கேக்க, பள்ளிக்கூடத்துக்குக் காசு சேர்க்க வந்த பிள்ளை எண்டு சொல்லிப்போட்டு என்ர கையில வச்சவர்.